மீன் கடித்தால் வாரண்டி கிடையாது

கோபிச்செட்டிபாளையத்துக்கு, எங்களுக்கு அது கோபி, தெற்கே என் மச்சான் தோட்டத்தை ஒட்டி ஒரு பாறைக்குழி இருக்கிறது. கல் எடுப்பதை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆயிற்று. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கசிவுநீர் ஏறி நிறையும். வாய்க்கால் அடைத்த பிறகும் ஓர் ஆள் மட்டத்துக்கு நிற்கும். ஓரமெல்லாம் கோரை, நடுவில் ஆகாயத்தாமரை. விராலுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. சித்தெ நேரம் அசையாமல் நின்றால் போதும், மேலே வந்து காற்று வாங்கிக்கொண்டு ‘பொளக்’ என்று புரளும் சத்தம் கேட்கும். செவுளை மட்டும் நம்பி இருக்கிற மீன் இல்லை அது. அவ்வப்போது மேலே வந்து காற்றை முழுங்கியே ஆக வேண்டும்.

போன தை மாதம் ஒரு காலை, தூண்டிலின் மூன்றாவது வீச்சிலேயே விரால் அடித்தது. ராடு பாதிக்கு வளைந்தது. கோரைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஒரு தடவை தலை தெரிந்தது. ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது (நழுவிப்போன மீனுக்கு எடை கொஞ்சம் கூடித்தான் இருக்கும், தெரியும்). அப்புறம் சட்டென்று கை லேசாகிவிட்டது. தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது என்று நினைத்துச் சுற்றினால் லூர் (இரைக்குப் பதிலாக மாட்டுகிற பிளாஸ்டிக் மீன்) திரும்பி வருகிறது, அதன் வாலில் இருந்த தூண்டில் முள்ளைக் காணோம். முள் மட்டுமா, அது மாட்டியிருந்த வளையமே பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. வால் நுனியில் ஓர் ஓட்டை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சங்கடம். வாயில் மூன்று முனை முள்ளோடு ஒரு மீன் உள்ளே போயிருக்கிறது. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) இருந்திருந்தால் அன்று வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். அவர் கொடிவேரிக்குக் கீழே பவானி ஆற்றில் மூங்கில் கம்பும் தங்கூசியும் (நைலான் நரம்பு) வைத்துப் பிடித்தவர். மயிலிறகுத் தண்டில் தக்கை, விராலுக்கு என்றால் தவளைக்குஞ்சு. பெரிய மீன் மாட்டினால் தங்கூசி அறுந்துபோகும், அவ்வளவுதான். அறுந்ததற்கு அவர் யாரிடமும் வாரண்டி கேட்கவில்லை.

நான் கேட்டேன். கேட்டதால்தான் இவ்வளவு கதை.

லூர் 640 ரூபாய். ஆன்லைனில் வாங்கியது, இரண்டு வாங்கினால் கொரியர் இலவசம் என்பதால் இரண்டு. ஒன்பது சென்டிமீட்டர் நீளம், கெண்டைக்குஞ்சு மாதிரி வெள்ளிப் பளபளப்பு, வயிற்றில் ஒரு டிரெபிள் முள், அதாவது மூன்று முனை முள், வாலில் ஒன்று. ஆட்டினால் உள்ளே குண்டு கலகலக்கும். முன்னால் ஒரு தகடு துருத்திக்கொண்டிருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி, லூர் தலையை உதறிக்கொண்டு கீழே இறங்கும். ஈரோட்டுக் கடைகளில் 150 ரூபாய்க்கும் இதே அச்சில் கிடைக்கிறது. நான் 640 கொடுத்ததற்கு ஒரே காரணம், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஆறு மாத உத்தரவாதம். நான் வாங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

மின்னஞ்சல் போட்டேன். மறுநாளே பதில், ரொம்ப மரியாதையாக. பில் வேண்டும், பெட்டி வேண்டும், உடைந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோ இருந்தால் நல்லது. தூண்டில் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுக்கிற ஆளும் இருக்கிறார் போல. வீடியோ இல்லை என்றேன். பரவாயில்லை, பொருளை அனுப்புங்கள், கொரியர் செலவு வாடிக்கையாளருடையது என்றார்கள். கோபியிலிருந்து 110 ரூபாய் கட்டி அனுப்பினேன். கொரியர் ஆபீஸில் இருந்த தம்பி, “உள்ள என்னங்கண்ணா?” என்றான். மீன் என்றேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டான். பிளாஸ்டிக் மீன் என்று பெட்டியைத் திறந்து காட்டின பிறகுதான் பில் போட்டான்.

பதினேழு நாள் கழித்து முடிவு வந்தது. உற்பத்திக் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. மீன் கடித்ததாலோ கடினமான பொருளில் மோதியதாலோ ஏற்படும் சேதம் உத்தரவாதத்தில் சேராது. பொருள் திரும்ப வேண்டும் என்றால் அதற்கும் கொரியர் கட்டணம் செலுத்தவும்.

வீட்டில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “ஏனுங்க, மீனு கடிக்கறதுக்குத்தான அதை வாங்குனீங்க?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. பெட்டியை மறுபடி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். முள், அதை மாட்டுகிற ஸ்ப்ளிட் ரிங் (சாவிக்கொத்து வளையம் மாதிரி), பெயின்ட் மூன்றுக்கும் உத்தரவாதம் இல்லை. ‘சாதாரணத் தேய்மானம்’ சேராது. உப்புத் தண்ணீரில் போட்டால் சேராது. வெயிலில் வைத்தால் சேராது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் அந்த ஆறு மாதமும் லூர் பெட்டிக்குள் இருக்கிறவரைக்கும்தான். முன்பக்கத்தில் ஒரு விரல் உயர எழுத்து, பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. படிக்காதது என் தப்பு என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் அந்த எறும்பெழுத்தைக் கடையில் நின்று யார் படிக்கிறார்கள்? அதுவும் ஆன்லைனில், முன்பக்கப் படம் மட்டும்தான் போட்டிருந்தது.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும் கூப்பிட்டுப் பார்த்தேன். புகாரைப் பதிந்துகொண்டு எண் கொடுத்தார்கள். பத்து நாளில் கம்பெனியிடமிருந்து ‘நல்லெண்ண’ அடிப்படையில் 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது, குறைந்தது 2000 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அத்தோடு விட்டுவிட்டேன். விட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 640 ரூபாய்க்கு ஈரோட்டுக்கு நாலு நடை போக எனக்குத்தான் மனசு வரவில்லை. இன்னொன்றும் இதில் தெரிந்துகொண்டேன். இறக்குமதிப் பொருளாக இருந்தால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, புகாருக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் பொட்டலத்தின் மேலேயே இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த 640 ரூபாய்ப் பெட்டியில் அது இருந்தது. என்னிடம் இருக்கும் மற்ற பெட்டிகளை எடுத்துப் பார்த்தேன், பாதியில் இல்லை. அதெல்லாம் உடைந்தால் யாரைக் கேட்பது?

உற்பத்திக் குறைபாடு இல்லை என்றார்களே, அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. கையில் இரண்டாவது லூர் இருக்கிறது, ஒரு முறைகூடத் தண்ணீரில் போடாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் திண்ணைக்கு வந்தேன்.

எங்கள் வீட்டில் மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் உத்தரத்தில் இருக்கிறது. அதில் கட்டுக்கம்பி போட்டு லூரின் மூக்கு வளையத்தை மாட்டினேன். வால் வளையத்தில் முள்ளைக் கழற்றிவிட்டு இன்னொரு கம்பி, அதில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி முக்கால் கிலோ. மகள் ஒரு லிட்டர் அளவுக் குவளையில் மோந்து மோந்து ஊற்றினாள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசே வேண்டாம். ஐந்து லிட்டர் வரை ஒன்றும் இல்லை. ஆறாவதில் வால் பக்கம் லேசாக ‘கிர்’ரென்றது. ஏழாவது பாதி ஊற்றும்போது வாளி கீழே. திண்ணை முழுக்கத் தண்ணீர், மகளுக்குச் சிரிப்பு, உள்ளிருந்து வந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக எட்டு கிலோவுக்குள் வளையம் கையோடு வந்துவிட்டது. நான் போட்டிருந்த பிரெய்டு (பின்னல்) நரம்பு 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறது. நரம்பை விட லூர் பலம் குறைவு. அப்புச்சியின் தங்கூசி ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். மீன் உதறினால் பாதி வேகத்தைத் தங்கூசியே வாங்கிக்கொள்ளும், மீறினால் அறுந்துபோகும். பிரெய்டு நீளாது. மீன் தலையை ஆட்டுகிற ஒவ்வொரு உதறலும் அப்படியே லூரின் வளையத்தில் போய் விழும். நான் வேறு கோரைக்குள் போகாமல் நிறுத்த ரீலின் டிராகை (நரம்பு உருவிக்கொண்டு போகாமல் பிடிக்கிற பிரேக்) முழுக்க இறுக்கியிருந்தேன். என் பங்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விரால் லூர் என்று பெயர் போட்டு விற்கிறவர்களுக்கு, விரால் பிடிக்கிறவன் கோரை ஓரத்தில் டிராகை இறுக்கித்தான் வைப்பான் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் லூரைப் பிளந்தேன். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டிய வெற்றுடம்பு. ஒட்டிய கோட்டில் பிளேடு வைத்துத் தட்டினால் நெற்றுக் காய் மாதிரி விரிகிறது. உள்ளே நான்கு இரும்புக் குண்டுகள், வயிற்றில் ஒரு கனக்கட்டி. சுவாரஸ்யம் வயிற்று வளையத்திலும் வால் வளையத்திலும்தான் இருக்கிறது. வயிற்று வளையம் எட்டு என்ற எண் மாதிரி முறுக்கிய கம்பி. கீழ் வட்டம் வெளியே, மேல் வட்டம் உள்ளே ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பாதியும் மூடினால் அதைப் பிடுங்க உடம்பையே கிழிக்க வேண்டும். வாலில் அப்படி இல்லை. வெறும் திருகு வளையம், அரிசி நீளத்துக்கு மரை, சுற்றி நகக்கனத்தில் பிளாஸ்டிக். ஒரே லூரில் ஒரு முள்ளுக்கு யானைக்கட்டு, இன்னொன்றுக்குக் குண்டூசி. விரால் பின்னாலிருந்து துரத்தி வந்து அடிக்கும்போது முதலில் மாட்டுவது வால் முள்.

குறைபாடு இல்லை என்று அவர்கள் சொன்னது ஒருவகையில் உண்மைதான். தவறுதலாக நடந்திருந்தால்தானே குறைபாடு? இது வரைபடத்திலேயே இப்படித்தான் இருக்கிறது.

சரி, பழுது பார்க்கலாம் என்று இறங்கினேன். முதலில் நொடியில் ஒட்டும் பசை. திருகு வளையத்தைப் பசையில் தோய்த்துத் திருகி, ஒரு நாள் விட்டு வாளி கட்டினேன். நான்கு லிட்டரிலேயே ‘டக்’. அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி, விறைப்பாக இருக்கும், உதறினால் தாங்காது.

அடுத்தது அசிட்டோன். லூர் உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் அசிட்டோனில் கரையும். உடைந்த துண்டுகளை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அசிட்டோன் ஊற்றி ராத்திரி வைத்தால் காலையில் கூழாகிவிடும். அதை ஓட்டைக்குள் அடைத்தால் அசிட்டோன் ஆவியாகி, மிச்சம் அதே பிளாஸ்டிக்காக இறுகும். வேலை செய்தது. வாளி ஒன்பது லிட்டர் தாங்கியது. ஆனால் ஒரு சொட்டு வழிந்து முன் தகட்டில் பட்டுவிட்டது. அந்தத் தகடு பாலிகார்பனேட். கண்ணாடி மாதிரி இருந்தது பாலாடை மாதிரி வெளுத்து, நுணுக்கமாக விரிசல் விட்டு, மறுநாள் விரலால் அழுத்தியதும் முறிந்தது. அசிட்டோன் எடுப்பவர்கள் தகட்டைத் துணி சுற்றிக் கட்டிவிட்டு எடுங்கள். ஜன்னலையும் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

மூன்றாவது, மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பியாக ஓட்டி, வெற்றுடம்பு முழுக்க எபாக்ஸி (இரண்டு கலவைப் பசை) ஊற்றி அடைத்தேன். பலத்துக்குக் குறைவில்லை, வாளி நிறைந்து வழிந்தும் அசையவில்லை. தண்ணீரில் போட்டேன். கல்லைப் போட்ட மாதிரி நேரே அடிக்குப் போனது. லூருக்கு உயிரே உள்ளே இருக்கிற காற்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை நான் அடைத்துவிட்டேன். இப்போது அது என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

ஆனால் அந்த ஒரே கம்பி யோசனை பிடித்துவிட்டது. கம்பி முழுசாக ஓடினால் மீனின் இழுப்பு கம்பியோடு போய்விடும், உடம்பு வெறும் சட்டைதான். சட்டை கிழிந்தாலும் மீனும் முள்ளும் நரம்போடு இருக்கும். அப்படியானால் சட்டையை மரத்தில் செய்தால் என்ன?

கம்பிக்குக் கோயம்புத்தூர் போனேன். கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் சினேகிதனிடம் மிக் வெல்டிங்குக்குப் போடுகிற ஸ்டீல் கம்பிச் சுருள் இருக்கும். 0.8 மில்லிமீட்டர், துருப் பிடிக்காத ரகம், விறைப்பாக இருக்கும், வளைத்தால் வளைத்தபடி நிற்கும். ரெண்டு மீட்டர் கேட்டேன்.

“எதுக்குடா மாப்ளை?”

“மீன் பொம்மைக்கு.”

“அதே பொம்மைதானா இன்னும்? அந்தக் காசுக்கு விராலையே வாங்கிக் கொழம்பு வெச்சிருந்தா இந்நேரம் நாலு நாளைக்கு ஆயிருக்கும்.” சொல்லிக்கொண்டே ஒரு கை நிறையச் சுருட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அடுத்த வாரம் அவனே ஃபோன் போட்டு, “என்னாச்சு, நிக்குதா?” என்று கேட்டான்.

மரத்துக்கு வேலியோரத்தில் நிற்கும் முள்முருங்கை. மற்ற ஊர்களில் கல்யாண முருங்கை என்பார்கள். எடையே இருக்காது, காய்ந்த கட்டையைக் கையில் எடுத்தால் தெர்மாகோல் மாதிரி இருக்கும். கத்திக்கு வெண்ணெய். போன வருஷம் கழித்துப்போட்ட கிளை மாட்டுக்கொட்டகை நிழலில் காய்ந்து கிடந்தது. பச்சையாக எடுத்தால் செதுக்கி முடித்த பிறகு வெடித்துவிடும், நிழலில் குறைந்தது இரண்டு மாதமாவது கிடக்கட்டும்.

செதுக்குவது நான் நினைத்ததை விடச் சுலபம். ஒன்பது சென்டிமீட்டர் துண்டு, பேனாக்கத்தியால் உருவம், அப்புறம் உப்புத்தாள் 120, 220, 400. வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் ஆக்சா பிளேடால் ஒரு வெட்டு, உடம்பின் பாதி ஆழத்துக்கு. கம்பியை மூக்கில் ஒரு வளையம், வயிற்றில் கீழ்நோக்கி ஒரு வளையம், வாலில் ஒரு வளையம் என்று ஒரே துண்டில் வளைத்து அந்த வெட்டுக்குள் இறக்க வேண்டும். வளையத்தில் கம்பியை மூன்று சுற்று முறுக்கிவிட்டு நறுக்க வேண்டும், ஒரு சுற்று போதாது. முதல் கம்பியில் ஒரு சுற்றோடு விட்டு, வாளி பன்னிரண்டு லிட்டரில் முறுக்கு அவிழ்ந்துவிட்டது.

கனத்துக்கு ஈயம். பஞ்சர் கடையில் வீல் பேலன்ஸ் செய்து கழித்த துண்டுகள் கிடைத்தன. பழைய இரும்புக் கரண்டியில் போட்டு வெளியே காற்றோட்டத்தில் உருக்கினேன். ஈயம் 327 டிகிரியில் உருகும், விறகடுப்பே போதும். அந்தக் கரண்டி இனி சமையலறைக்குள் வரக் கூடாது, புகைக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. துண்டுகளில் சில உருகாமல் மிதந்தன, அவை வேறு உலோகம், எடுத்துப் போட்டுவிட்டேன். எவ்வளவு ஈயம் என்பதற்குக் கணக்கெல்லாம் போடவில்லை. முள்ளையும் மாட்டி, ஈயத்துண்டை ரப்பர் பேண்டால் வயிற்றில் கட்டி, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். முதுகு மட்டும் தெரிந்து, குப்புறக் கவிழாமல் நிற்கும் வரை அரம் வைத்துக் குறைத்தேன். அப்புறம் கம்பியோடு சேர்த்து ஈயத்தையும் வெட்டுக்குள் வைத்து ஆரல்டைட்டால் அடைத்து ஒரு நாள் முழுக்க விட்டேன்.

முன் தகட்டுக்குப் பழைய சிடி. சிடியும் பாலிகார்பனேட்தான், 1.2 மில்லிமீட்டர் கனம், அளவெடுத்துச் செய்த மாதிரி. சுடுதண்ணீரில் போட்டுவிட்டுக் கத்தரித்தால் தெறிக்காது. மேலே இருக்கும் பளபளப்பை டேப் ஒட்டி உரித்துவிடலாம். வீட்டில் ஒரே ஒரு சிடிதான் கிடைத்தது, ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டுக் காதுகுத்து வீடியோ. யாரும் பார்க்கப்போவதில்லை என்று எடுத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு அவர்கள் கேட்டால் சிடி எங்கோ தொலைந்துவிட்டது. தகட்டை உடம்புக்கு நேர்கோட்டில் நீட்டி வைத்தால் ஆழமாக இறங்கும், செங்குத்தாகக் கீழ்நோக்கி வைத்தால் மேலேயே நின்று நிறைய ஆடும். பாறைக்குழிக்கு ஆழம் தேவையில்லை, செங்குத்தாகவே வைத்தேன்.

பூச்சு பற்றி நீட்ட வேண்டியதில்லை. மரத்துக்குள் தண்ணீர் இறங்கக் கூடாது, அதுதான் எல்லாம். அரக்குப் பாலிஷ் இரண்டு கை, அதன்மேல் ஸ்ப்ரே பெயின்ட், செதிலுக்குப் பழம் வரும் வலைப்பையைச் சுற்றி அதன்மேல் அடித்தேன். கடைசியாக இரண்டு கலவை எபாக்ஸி, கண்ணாடி மாதிரி. எபாக்ஸி இறுகும் வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் சொட்டாகத் தொங்கிவிடும். மகளும் நானும் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் கையில் பிடித்துச் சுற்றினோம். ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது. அது இன்னும் உள்ளே இருக்கிறது, இடது கண்ணுக்குப் பின்னால்.

வாளிச் சோதனையில் பதினைந்து லிட்டர் வரை போனேன். உடம்பு அசையவில்லை, கம்பி அசையவில்லை, வாலில் மாட்டியிருந்த ஸ்ப்ளிட் ரிங் விரிந்து வாய் திறந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். நரம்பு 13.6, ரிங் அதற்கு மேல். இனி அறுந்தால் நரம்புதான் அறுந்தாக வேண்டும். அதோடு மீன் கழன்றுபோகாமல் முள் முனையில் பின்னோக்கி நிற்கும் எதிர்ச்செதிலை எல்லாம் பிளையரால் நசுக்கிவிட்டேன். மீன் கொஞ்சம் எளிதாகக் கழன்றுபோகும், தெரியும். அறுத்துக்கொண்டு போனாலும் முள்ளை உதறிவிடும் என்பதற்காகத்தான் நசுக்கினேன்.

இதற்கு நடுவே ரப்பர் தவளைகளோடும் ஒரு போராட்டம். உள்ளே வெற்றிடமாக இருக்கும் தவளை, விரால் கடித்தால் நசுங்கி இரட்டை முள் வெளியே வரும். நாலு கடிக்குப் பிறகு பல் பட்ட ஓட்டை வழியாகவும் முள் நுழைகிற இடம் வழியாகவும் தண்ணீர் ஏறி முழுகிவிடும். வாரண்டி பேச்சே இல்லை, 120 ரூபாய்ச் சாமான். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போட்டேன், மறுநாள் பொருக்கு மாதிரி உரிந்து வந்தது. ரப்பர் என்று சொல்கிறோமே தவிர அது மென்மையாக்கிய பிவிசி, ரப்பர் பசை பிடிக்காது. கத்தி நுனியைச் சுட வைத்துக் கிழிசலின் இரண்டு உதட்டையும் தொட்டு ஒட்டினால் தானே உருகிச் சேர்ந்துகொள்கிறது. நாற்றம் தாங்காது, திறந்தவெளியில் செய்யுங்கள்.

முழுகாமல் இருக்க உள்ளே தெர்மாகோல் குருணை அடைத்தேன், அங்கே சறுக்கினேன். மூன்று வாரத்தில் அத்தனையும் பிசினாகிவிட்டது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கிற எண்ணெய் மெல்லக் கசிந்து தெர்மாகோலைக் கரைத்துவிடுகிறது. அதே எண்ணெய்தான் தூண்டிலுக்கு மாட்டும் ரப்பர் புழுவையும் கெட்டி லூரையும் பெட்டியின் ஒரே அறையில் போட்டு வைத்தால் லூரின் பெயின்ட்டை வழிக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பைக் டப்பாவுக்குள் வைத்த பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும், புழுவும் பெட்டியும் லூரும் ஒரே உடம்பு. நான் அப்படி மூன்று லூரை இழந்திருக்கிறேன், அப்போதும் கம்பெனியைத்தான் திட்டினேன். தவளைக்குள் இப்போது டிவி பெட்டியில் வரும் வெள்ளை நுரைத்தாளைத் துண்டு துண்டாக நறுக்கிப் போடுகிறேன், அது பாலித்தீன் ரகம், கரையவில்லை. இரண்டு துண்டுக்கு மேல் போட வேண்டாம். நிறைய அடைத்தால் தவளை நசுங்காது, முள் வெளியே வராது, விரால் கடித்துத் துப்பிவிட்டுப் போகும்.

மர லூரை ஆவணியில், வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் குழி நிறைந்த பிறகுதான் எடுத்துப்போனேன். அதற்கு முந்தைய மாதம் போனபோது கோரை ஓரத்தில் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம், கீழே தாயும் தகப்பனும் காவல். குஞ்சோடு நிற்கிற விராலை எங்கள் பக்கம் பிடிக்க மாட்டோம், திரும்பி வந்துவிட்டேன்.

முதல் வீச்சில் லூர் இடது பக்கமாகவே ஓடியது. மூக்கு வளையத்தைப் பிளையரால் வலது பக்கம் ஒரு மயிரிழை வளைத்தேன். நேரே வந்தது. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. மச்சான் வரப்பில் உட்கார்ந்து, “மாமா, கடையில வாங்குனதே பரவால்லியாட்ட இருக்குதுங்களே” என்று ஆரம்பித்தபோது அடித்தது. டிராகை இந்தத் தடவை கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தேன். இரண்டு தடவை நரம்பை உருவிக்கொண்டு போனது, மூன்றாவது தடவை களைத்துவிட்டது. மச்சான் துண்டைப் போட்டுப் பிடித்தான். தொள்ளாயிரம் கிராம், அவன் வீட்டுத் தராசில். தையில் முள்ளோடு போனது இதுவா என்று வாயைத் திறந்து பார்த்தேன், தழும்பு எதுவும் இல்லை. அது வேறு மீன்.

லூரின் முதுகில் மூன்று பல் தடம், ஒன்று எபாக்ஸியைத் தாண்டி மரம் வரை இறங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த இடத்தில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. இரண்டு நாள் காயவிட்டு, உப்பலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, அரக்கு ஒரு கை, எபாக்ஸி ஒரு கை. இப்போது தொட்டில் கொக்கியில் தொங்குகிறது. மகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து திருப்பி விட்டுப் போகிறாள்.